நில அளவையில் டோட்டல் ஸ்டேஷன்

பெங்களூர் நகரில் 30 அடி அகலமும் 40 அடி நீளமும் கொண்ட மனை, நடுத்தரக் குடும்பங்கள் நன்கு அறிந்த அளவாகும். இதன் பரப்பு 1,200 சதுர அடி. நீளவாக்கிலுள்ள எல்லை ஓர் அடி நகர்ந்தால் 40 சதுர அடி நிலம் கைமாறிவிடும். வயலாக இருந்த காலத்தில் எவரும் பொருட்படுத்தாத அந்த ஓர் அடி, வயல் மனையாக மாறியபின் வழக்காக வளர்கின்றது. நகரம் விரிவடையும்தோறும் துல்லியமான அளவையின் தேவையும் பெருகுவதற்கு இதுவே காரணம்.

கர்நாடகத்தின் பழைய நில அளவை, 33 அடிச் சங்கிலியை அடிப்படையாகக் கொண்டது. பக்கத்திற்கு 33 அடியுள்ள சதுரம் ஒரு குண்டா. 40 குண்டா ஓர் ஏக்கர். நிலத்தின் ஊடே ஓர் அடிக்கோடு இழுத்து, குறுக்குக்கம்பின் துணையால் அதற்குச் செங்கோணத்தில் எல்லை முனைகளின் தொலைவை அளந்து, முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் பிரித்துப் பரப்பைக் கணக்கிட்டனர். வேளாண் நிலத்திற்கு இம்முறை போதுமானதாக இருந்தது. 2008ஆம் ஆண்டு மைய அரசு தொடங்கிய தேசிய நில ஆவண நவீனமயத் திட்டம், நில அளவையில் டோட்டல் ஸ்டேஷன் போன்ற நவீனக் கருவிகளைப் பயன்படுத்த வழிசெய்தது.

கருவியின் இயல்பு

கோணத்தை அளக்கும் தியோடலைட்டும், தூரத்தை அளக்கும் மின்னணுக் கருவியும், கணக்கிட்டுப் பதிவு செய்யும் கணிப்பொறியும் ஒன்றாக இணைந்ததே டோட்டல் ஸ்டேஷன். 1970களின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு வந்த இக்கருவி, ஒளிக்கதிரை அனுப்புகின்றது. எல்லை முனையில் நிறுத்தப்பட்ட பிரிசத்தில் பட்டு அக்கதிர் திரும்புகின்றது. சென்ற அலைக்கும் திரும்பிய அலைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தூரம் கணக்கிடப்படுகின்றது. இது சாய்வுத் தூரமே. செங்குத்துக் கோணத்தைக் கொண்டு கருவியே இதனைக் கிடைத்தூரமாக மாற்றித் தருகின்றது.

நிறுவும் முறை

முக்காலியின் கால்களை மண்ணில் உறுதியாக ஊன்றி, தலைப்பலகை ஏறத்தாழச் சமமாக இருக்குமாறு அமைத்தல் முதற்பணி. கருவியைப் பொருத்தியபின், அடியில் உள்ள குறிபார்ப்பான் வழியாக நோக்கித் தரைக்குறியின் நேர்மேலே அதனை நிறுத்த வேண்டும். கால்களை நீட்டியும் குறுக்கியும் வட்டக் குமிழியை நடுவுக்குக் கொணர்தல் வேண்டும். பின்னர் நீள்குமிழியை இரண்டு திருகுகளுக்கு இணையாக வைத்து அவற்றால் சமன் செய்து, கருவியைச் செங்கோணத்திற்குத் திருப்பி மூன்றாம் திருகால் சமன் செய்ய வேண்டும். இதன்பின் கருவி தரைக்குறியிலிருந்து விலகியுள்ளதா என மீண்டும் நோக்குதல் இன்றியமையாதது.

அடுத்து, கருவியின் உயரம், பிரிசத்தின் உயரம், பிரிசத்தின் மாறிலி, வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் காற்றழுத்தம் கடற்கரை நகரங்களைவிடக் குறைவு. கடல்மட்ட அழுத்தத்தையே கருவியில் விட்டுவைத்தால், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் பிழை சேரும். மனைக்குள் இது புலப்படாது. நீண்ட கோடுகளில் புலப்படும்.

இவற்றினும் முக்கியமானது திசையமைப்பு. ஆயத்தொலைவுகள் தெரிந்த ஒரு புள்ளியில் கருவி நிற்க, அவ்வாறே தெரிந்த மற்றொரு புள்ளியைப் பின்நோக்கிக் குறிபார்த்துத் திசையை நிலைப்படுத்த வேண்டும். இதில் ஒரு கலை அளவு கோணப்பிழை நேர்ந்தால், 300 மீட்டர் தொலைவில் எல்லைக்கல் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் இடம்பெயரும். எனவே அளந்த தூரத்தை ஆவணத் தூரத்துடன் ஒப்பிடுதலும், மூன்றாவது புள்ளி ஒன்றைச் சரிபார்த்தலும், பணி முடிவில் பின்நோக்கை மறுபடி பார்த்தலும் தவிர்க்கக் கூடாதவை.

வரலாறு கூறும் சான்று

தொடக்கமும் சரிபார்ப்பும் அளவையின் உயிர் என்பது பெங்களூருக்குப் புதிய செய்தியன்று. 1800ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் இந்நகருக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்தார். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே புதிய அடிக்கோட்டுடன் அவர் தொடங்கிய முக்கோண அளவை, மேற்கு நோக்கி வளர்ந்து பெங்களூரை எட்டியது. 1804இல் இங்கு மீண்டும் ஓர் அடிக்கோடு நேரடியாக அளக்கப்பட்டது. ஏறத்தாழ 7 மைல் நீளமுள்ள அக்கோட்டில், கணக்கிட்ட நீளத்திற்கும் அளந்த நீளத்திற்கும் இடையே இருந்த வேறுபாடு 4 அங்குலத்திற்கும் குறைவே. சங்கிலியும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டும் கொண்டு எட்டிய இத்துல்லியம், சரிபார்ப்பின் பயனாகும்.

கருவியும் உரிமையும்

டோட்டல் ஸ்டேஷன் ஒரு புள்ளி எங்குள்ளது என்பதைக் கூறும். அப்புள்ளி எவருடைய எல்லை என்பதைக் கூறாது. சங்கிலியால் அளந்த பழைய வரைபடமும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்த புதிய வரைபடமும் முற்றிலும் ஒத்துப்போவதில்லை. அவ்வேறுபாட்டை ஆக்கிரமிப்பு என உடனே முடிவு செய்தல் முறையாகாது. எல்லைகளை முடிவு செய்யும் நடைமுறை 1964ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளது. பழைய ஆவணம், களத்திலுள்ள எல்லைக்கற்கள், நெடுநாள் அனுபோகம், அண்டை நிலத்தாரின் கூற்று ஆகியவை ஒருசேர ஆராயப்பட வேண்டும்.

ஆகவே, புதிய கருவிகளை வாங்குவதோடு திட்டம் நிறைவடைவதில்லை. கட்டுப்பாட்டுப் புள்ளிகளைப் பேணுதல், அளவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி அளித்தல், அளக்கும் நாளை அண்டை நிலத்தாருக்கு முன்கூட்டி அறிவித்தல், வரைபடத்தை அவர்களுக்கும் விளங்குமாறு காட்டுதல் ஆகிய நான்கும் இணைந்தால்தான், வாழ்நாள் சேமிப்பை ஒரு சிறு மனையில் இட்ட குடும்பத்திற்கு இக்கருவியின் துல்லியம் பாதுகாப்பாக அமையும்.