சாட்சிக்குக் காவல்: சாவி அரசு வழக்கறிஞர் கையில்

புது தில்லி: நீதிமன்றத்தின் கண்ணும் காதும் சாட்சிகளே என்பது சட்ட உலகில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. அந்தக் கண்ணையும் காதையும் காக்கும் பொறுப்பு எவருடையது என்ற கேள்விக்கு 2018 வரை நாடு முழுமைக்குமான விடை இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒரு விடையைத் தந்தது. அதன்படி, பாதுகாப்பு கோரும் சாட்சியின் மனு முறைப்படி சென்று சேரும் இடம் காவல் நிலையம் அல்ல. மாவட்டக் குற்ற வழக்குத் தொடர்வுத் துறைத் தலைவரின், அதாவது அரசுத் தரப்பு மூத்த வழக்கறிஞரின் மேசை.

திட்டம் பிறந்த கதை

2002 மார்ச் 1ஆம் தேதி குஜராத்தின் வதோதரா நகரில் பெஸ்ட் பேக்கரியில் 14 பேர் கொல்லப்பட்ட வழக்கில், சாட்சிகள் பலர் பிறழ்ந்ததால் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரும் 2003 ஜூன் மாதம் விடுவிக்கப்பட்டனர். 2004 ஏப்ரலில் அத்தீர்ப்பை ரத்து செய்து, மகாராஷ்டிரத்தில் மறு விசாரணைக்கு உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், அரசு வழக்கறிஞர் எதிர்த் தரப்பு வழக்கறிஞரைப் போலவே நடந்துகொண்டார் என்று கண்டித்தது. தமது வாக்குமூலத்தை மீண்டும் மீண்டும் மாற்றிய முக்கிய சாட்சிக்கு, நீதிமன்ற அவமதிப்புக்காக 2006இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சாட்சியைத் தண்டிக்கச் சட்டத்தில் வழி இருந்தது. காப்பதற்கு முறையான திட்டம் இல்லை.

அதே 2006இல் ஜெசிகா லால் கொலை வழக்கில் விசாரணை நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தபோது தலைநகரே கொதித்தெழுந்தது. ஆண்டு இறுதியில் தில்லி உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சிகளின் அடையாளத்தையும் உயிரையும் காக்கத் தனி ஏற்பாடு தேவை என்று சட்ட ஆணையம் தனது 198ஆவது அறிக்கையில் பரிந்துரைத்ததும் அந்த ஆண்டில்தான். பரிந்துரை ஏட்டிலேயே தங்கிவிட்டது.

ஆசாராம் பாபு மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளே முட்டுக்கட்டையை உடைத்தன. சாட்சிகளில் 10 பேர் தாக்கப்பட்டனர், அவர்களில் 3 பேர் உயிரிழந்தனர் என்ற முறையீட்டுடன், தாக்குதலில் பிழைத்த சாட்சி ஒருவர் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, எஸ்.அப்துல் நசீர் அமர்வு, நாடாளுமன்றமோ சட்டப்பேரவைகளோ உரிய சட்டம் இயற்றும் வரை இத்திட்டமே சட்டமாகும் என்று தீர்ப்பளித்தது.

மூவர் குழு

திட்டத்தின்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட அமர்வு நீதிபதி தலைமையில் நிலைக்குழு இயங்க வேண்டும். மாவட்டக் காவல்துறைத் தலைவர் உறுப்பினர். வழக்குத் தொடர்வுத் துறைத் தலைவர் உறுப்பினர்-செயலர். மனு வந்தவுடன் துணைக் காவல் கண்காணிப்பாளரிடமோ உதவி ஆணையரிடமோ அச்சுறுத்தல் ஆய்வறிக்கை கோரப்படும். அறிக்கை ஐந்து வேலை நாள்களுக்குள் வர வேண்டும். அது கிடைத்த ஐந்து வேலை நாள்களுக்குள் மனு மீது முடிவெடுக்க வேண்டும். ஆபத்து உடனடியானது என்றால் இடைக்காலப் பாதுகாப்பும் வழங்கலாம்.

அச்சுறுத்தல் மூவகைப்படும். உயிருக்கே ஆபத்து என்பது முதல் வகை. பாதுகாப்புக்கோ நற்பெயருக்கோ சொத்துக்கோ ஆபத்து என்பது இரண்டாவது. மிரட்டலும் தொல்லையும் மூன்றாவது. தொலைபேசி எண்ணை மாற்றுவது, வீட்டில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது, அரசு வாகனத்தில் நீதிமன்றத்துக்கு அழைத்து வருவது முதல் வேறு ஊரில் வேறு பெயரில் வாழச் செய்வது வரை பாதுகாப்பின் அளவு வேறுபடும். ஓர் உத்தரவு ஒரு முறைக்கு மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்காது.

பலமும் பலவீனமும்

சாட்சியின் வாக்குமூலம் வழக்குக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அரசு வழக்கறிஞரே நன்கறிவார் என்பதால், அவரைச் செயலராக்கியதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் மாநில உள்துறையின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் இருப்பவர். ஆய்வறிக்கை தருவதும் உத்தரவைச் செயல்படுத்துவதும் காவல்துறை. இடமாற்றமும் அடையாள மாற்றமும் உள்துறையின் பொறுப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் ஆளுங்கட்சிப் பிரமுகராகவோ காவல்துறை அதிகாரியாகவோ இருந்தால், சாட்சி எவரிடமிருந்து தப்ப நினைக்கிறாரோ அவரது செல்வாக்கு எட்டும் இடத்திலேயே அவரது மனுவும் முகவரியும் போய்ச் சேரும்.

இதற்கு மாற்று வழி தில்லியிலேயே இருந்தது. 2015இல் தில்லி அரசு அறிவித்த தனித் திட்டம், முடிவெடுக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்தின் உறுப்பினர்-செயலரிடம் அளித்தது. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவான திட்டத்தில், எவரைச் சேர்ப்பது என்பதை நீதித்துறை அமைச்சகத்தின் வழக்கறிஞர்கள் முடிவு செய்கின்றனர். காவல் பொறுப்பு மார்ஷல்கள் என்ற தனிப் படையினுடையது. குற்றத்தைப் புலனாய்வு செய்யும் அமைப்பும் சாட்சியைக் காக்கும் அமைப்பும் அங்கு ஒன்றல்ல.

புதிய சட்டமும் பழைய கேள்வியும்

2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398ஆவது பிரிவு, ஒவ்வொரு மாநில அரசும் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்கிறது. கால வரம்போ நிதி ஒதுக்கீட்டின் அளவோ அதில் குறிக்கப்படவில்லை. வழக்குத் தொடர்வுத் துறை இயக்குநரை நியமிக்க உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் இசைவு வேண்டும் என்பது பழைய சட்டம். புதிய சட்டத்தின் 20ஆவது பிரிவில் அந்த நிபந்தனை இல்லை. பொறுப்பு கூடியிருக்கும் வேளையில் அப்பதவியின் சுதந்திரம் குறைந்திருக்கிறது.

நீதிமன்றங்களிலும் தடுமாற்றம் உண்டு. ஜாமீனில் வெளிவந்தவர் சாட்சியை மிரட்டுகிறார் என்ற முறையீடுகளில், ஜாமீனை ரத்து செய்யாமல் பாதுகாப்புத் திட்டத்தை நாடுமாறு அலாகாபாத் உயர் நீதிமன்றம் தொடர்ந்து உத்தரவிட்டு வந்ததை 2025இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜாமீன் ரத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் மாற்றாகாது என்று தெளிவுபடுத்தியது. மிரட்டியவர் வெளியே உலவ, மிரட்டப்பட்டவர் வீட்டுக்குள் முடங்குவதற்குப் பெயர் பாதுகாப்பு அன்று.

மாநிலங்கள் செய்ய வேண்டியவை தெளிவானவை. வழக்குத் தொடர்வுத் துறைத் தலைமைக்கு உள்துறையின் விருப்பு வெறுப்புக்கு அஞ்ச வேண்டாத பதவிக்காலம், திட்டத்துக்கெனத் தனி நிதி, குற்றம் சாட்டப்பட்டவர் அதிகாரத்தில் இருப்பவரானால் ஆய்வறிக்கையை வேறு மாவட்ட அதிகாரியிடம் பெறும் விதி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவை அமையாத வரை, கூண்டில் ஏறி உண்மை சொல்லத் துணியும் ஏழைச் சாட்சிக்கு இத்திட்டம் அரசிதழில் அச்சான காகிதமாகவே இருக்கும்.