கண்ணாடித் தகட்டில் எழுந்த முகம்

வீட்டுச் சுவரில் தொங்கும் பாட்டன் பாட்டியின் பழைய புகைப்படத்தைச் சற்று நெருங்கிச் சென்று நோக்குங்கள். படம் மங்கியிருக்கலாம், ஓரங்கள் செல்லரித்திருக்கலாம். ஆயினும் பாட்டனின் சட்டைப் பொத்தானும், பாட்டியின் சேலைக் கரையும், அவர்கள் அமர்ந்த நாற்காலியின் பிரம்புப் பின்னலும் எண்ணிவிடக்கூடிய அளவுக்குத் தெளிவாயிருக்கும். இத்தனை நுட்பம் அந்தக் காலத்தில் எங்ஙனம் வாய்த்தது?

விடை எளியது. அப்படங்களை எடுத்த காமிரா பெரிது. அதனுள் வைத்த தகடும் பெரிது. மரச் சட்டம், தோலாலோ துணியாலோ ஆன துருத்தி, முன்புறம் பித்தளை வளையத்துள் பொருத்திய லென்ஸ், பின்புறம் சொரசொரப்பாகத் தேய்த்த ஒரு கண்ணாடி, அனைத்தையும் தாங்க ஒரு முக்காலி, படம் பிடிப்பவர் தலைமேல் போர்த்திக்கொள்ள ஒரு கறுப்புத் துணி. பொறி என்று சொல்லத்தக்கது இதில் மிகக் குறைவு. முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிமின் ஒரு கட்டத்தைக் காட்டிலும், இக்காமிராக்களில் சிறியதான 4 அங்குலம் 5 அங்குலத் தாள் பரப்பில் ஏறக்குறைய 15 மடங்கு பெரிது. 8 அங்குலம் 10 அங்குலத் தாளோ 60 மடங்கு.

இன்றும் இத்தகைய பழைய காமிராவைத் தேடி வாங்கிப் பயன்படுத்துவோர் உலகெங்கும் உள்ளனர். இங்கிலாந்தின் இல்போர்டு நிறுவனமும் அமெரிக்காவின் கோடாக் நிறுவனமும் இதற்கான பிலிம் தாளை இன்றும் தயாரிக்கின்றன. விலை அதிகந்தான். ஆகவே பழைய காமிரா கையில் கிடைத்ததும் உடனே தாளை இட்டுப் படம் பிடிக்க முனைவது விவேகமன்று. முதலில் ஓர் இருட்டறையில் துருத்தியை முழுவதும் நீட்டி, அதனுள்ளே சிறு விளக்கொன்றை ஏற்றி வைத்து, வெளியிலிருந்து பார்க்கவேண்டும். மடிப்பு மூலைகளில் விண்மீன் போல ஒளிப்புள்ளிகள் தென்பட்டால் அங்கெல்லாம் ஓட்டை உண்டென்பது தெளிவு. ஒவ்வொரு ஓட்டையும் படத்தில் ஒரு கறையாய் வந்து நிற்கும்.

படம் பிடிக்கும் முறையோ பொறுமையைக் கேட்பது. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் பின்கண்ணாடியில் உலகம் தலைகீழாய்த் தெரியும். கோபுரத்தின் நுனி கீழே, அடிவாரம் மேலே, வலம் இடமாக. பழகாதவருக்குத் தலை சுற்றும். ஆனால் பழகியபின் இதுவே பெரும் உதவி. தெரிந்த பொருளைத் தெரியாத பொருள் போல் பார்க்க நேர்வதால், வடிவின் கோணல்கள் உடனே கண்ணில் படுகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துத் தெளிவு பார்த்தபின் ஷட்டரை மூடவேண்டும்; தாள் அடங்கிய தட்டையான பெட்டியைப் பின்புறம் செருகவேண்டும்; அதன் மறைப்புப் பலகையை உருவவேண்டும்; பிறகே ஷட்டரை இயக்கலாம். மறைப்புப் பலகையின் பிடியில் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் தாள் புதிது. படம் பிடித்தபின் கறுப்புப் பக்கம் வெளியே வரும்படி திருப்பிச் செருகுவது வழக்கம். இந்தச் சிறு ஒழுங்கை மறந்தவர், ஒரே தாளில் இரு படங்களைப் பதித்துவிட்டு வருந்துவர்.

கோவில் கோபுரங்களைப் படம் பிடிக்க இதற்கு இணையான கருவி அரிது. சாதாரணக் காமிராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்வது போல் தோன்றும். பெரிய காமிராவிலோ பெட்டியை நேராக நிறுத்தி, லென்ஸ் உள்ள முன்பலகையை மட்டும் மேலே உயர்த்தலாம். கோபுரம் நிமிர்ந்து நிற்கும். 1858ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தஞ்சைக்கும் மதுரைக்கும் இத்தகைய காமிராவோடுதான் வந்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் பகுதி பகுதியாய்ப் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள ஒரே படமாக்கினார். தமிழெழுத்துக்காக அந்நியர் ஒருவர் மேற்கொண்ட அந்த உழைப்பைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

எனினும் இந்தக் காமிராவின் வரலாற்றில் நம் வாசகர்கள் அறியவேண்டிய நிகழ்ச்சி நடந்த இடம், இத்தாலியின் தூரின் நகரிலுள்ள புனித அருளப்பர் பேராலயம். ஆண்டு 1898.

இயேசுவின் உடலைச் சுற்றியதாகப் பலராலும் நம்பப்பட்டுவந்த அடக்கத் துணி அங்கே பாதுகாக்கப்பட்டிருந்தது. நீளம் ஏறக்குறைய 4.4 மீட்டர், அகலம் 1.1 மீட்டர். அப்போது அது சவோய் அரச குடும்பத்தின் உடைமை. 1868க்குப் பின், 30 ஆண்டுகள் கழித்து, 1898 மே 25ஆம் நாள் முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதைப் புகைப்படம் எடுக்க அரசர் முதலாம் உம்பர்த்தோ தயங்கித் தயங்கி இசைவளித்தார். அப்பணியை ஏற்றவர் செக்கொந்தோ பியா. தொழிலால் வழக்கறிஞர், புகைப்படக்கலை அவருக்கு ஆர்வத்தால் வந்தது. பீதமோந்து நாட்டின் பழைய ஆலயங்களையும் ஓவியங்களையும் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தவர்.

அவருடைய காமிராவில் வைக்கும் கண்ணாடித் தகட்டின் அளவு 50 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர். ஒரு சாளரக் கதவளவு எனலாம். இத்தகடு ஒன்றை ஒளி படாமல் எடுத்துச் செல்வதும், விரல் படாமல் பெட்டியில் இடுவதும், உடையாமல் கழுவுவதும் எளிய காரியங்கள் அல்ல. பேராலயத்துள் இருள். அக்காலத்தில் புதுமையாயிருந்த மின்விளக்குகளையே பியா நம்பவேண்டியிருந்தது. மே 25ஆம் நாள் முதல் முயற்சி. விளக்குகளின் ஒளியைச் சீராகப் பரப்புவதற்கென முன்னே வைத்த தேய்த்த கண்ணாடிகள் வெப்பம் தாளாமல் வெடித்தன. முயற்சி கைகூடவில்லை.

மே 28ஆம் நாள் இரவு மீண்டும் வந்தார். இப்பொழுது வேறொரு தடை. புகையும் தூசும் படாதிருக்க, இளவரசி குளோத்தில்தேயின் விருப்பப்படி துணியின் முன்னே கண்ணாடி பொருத்தப்பட்டிருந்தது. கண்ணாடி என்றால் எதிரொளி; எதிரொளி என்றால் படத்தில் கறை. விளக்குகளை இடம் மாற்றி, கோணம் பார்த்து, இரவு 11 மணியளவில் இரு தகடுகளில் படம் பிடித்தார். ஒன்றுக்கு ஒளிபட்ட நேரம் 14 நிமிடம். மற்றதற்கு 20 நிமிடம். இன்று நொடியில் நூற்றிலொரு பங்கில் படம் பிடிக்கும் நமக்கு இது வியப்பாயிருக்கும். அக்காலத் தகட்டின் பூச்சு ஒளியை மிக மெதுவாகவே ஏற்றது. போதாதற்குத் தெளிவு வேண்டி லென்ஸின் துவாரத்தையும் சுருக்கவேண்டும். அத்தனை நிமிடங்களும் காமிரா மயிரிழை அசையக்கூடாது.

நள்ளிரவில் தம் இருட்டறைக்குச் சென்று தகட்டை மருந்தில் இட்டார் பியா. அக்காலத் தகடுகளுக்குச் சிவப்பொளி தீங்கு செய்யாது. ஆதலால் சிவப்பு விளக்கின் கீழ் உருவம் மெல்ல எழுவதைக் கண்ணாலேயே காண முடிந்தது. இன்றைய பிலிம் தாள்களை முழு இருளில்தான் கழுவவேண்டும். அந்தக் காட்சி நமக்குக் கிட்டாது.

நெகட்டிவ் என்பது ஒளியும் நிழலும் மாறிய படம் என்பதை அனைவரும் அறிவர். வெண்முகம் அதில் கருமையாகும், கருங்கூந்தல் வெளுக்கும். அத்தகைய மாறிய உருவைத்தான் பியாவும் எதிர்பார்த்திருப்பார். மருந்தில் எழுந்ததோ இயல்பான முகம். மூடிய விழிகள், நீண்ட மூக்கு, தாடி, தோளில் விழும் கூந்தல், யாவும் மேடு பள்ளங்களோடு ஓர் ஆளின் முகமாய்த் தெரிந்தன. தகடு கைநழுவி விழ இருந்தது என்பர். துணியில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் மங்கிய பழுப்பு உருவமே நெகட்டிவ் போன்றது. அதன் நெகட்டிவ் நேர்படமாயிற்று. அந்தத் துணி அதுவரை யாருக்கும் அப்படித் தோன்றியதில்லை.

1898 ஜூன் மாதத்தில் செய்தி நாளிதழ்களில் வெளியாயிற்று. புகழோடு பழியும் வந்தது. ஒளிபட்ட நேரம் மிகுந்துவிட்டது என்றனர் சிலர். தகட்டில் கைவேலை செய்திருக்கிறார் என்றனர் வேறு சிலர். நீதிமன்றங்களில் சான்றுகளை எடைபோட்டுப் பழகிய ஒரு வழக்கறிஞர், தம் சான்றே ஐயத்துக்குள்ளானதைக் கண்டார். மற்றொருவர் மீண்டும் படம் பிடித்தால்தான் உண்மை தெரியும். அதற்கோ துணி வெளியே எடுக்கப்படவேண்டும். அந்த வாய்ப்பு வர 33 ஆண்டுகள் ஆயின.

1931 மே மாதம் துணி மீண்டும் பார்வைக்கு வைக்கப்பட்டபோது ஜுசேப்பே என்றியே என்னும் தொழில்முறைப் புகைப்படக்காரர் பெரிய தகடுகளில், முன்னிலும் சிறந்த ஒளியமைப்போடு படம் பிடித்தார். 75 வயது முதியவரான பியாவும் அவ்வேளையில் உடனிருந்தார். என்றியேயின் தகட்டிலும் அதே முகமே எழுந்தது. பியா தகட்டில் யாதொன்றையும் சேர்க்கவில்லை என்பது உறுதியாயிற்று.

ஒன்றை இங்கே குழப்பிக்கொள்ளலாகாது. தகடு பொய் சொல்லவில்லை என்பது வேறு. துணியின் வயது என்ன என்பது வேறு. 1983இல் மறைந்த முன்னாள் அரசர் இரண்டாம் உம்பர்த்தோ துணியைத் திருத்தந்தைக்கு உரிமையாக்கிச் சென்றார். 1988இல் ஆக்ஸ்போர்டு, சூரிச், அரிசோனா ஆகிய மூன்று ஆய்வுக்கூடங்கள் கார்பன் முறையில் ஆய்ந்து, துணி 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலத்தது என அறிவித்தன. அம்முடிவைத் தூரின் பேராயர் கர்தினால் பலெஸ்திரேரோ தாமே பத்திரிகையாளர் முன் வெளியிட்டார். அம்முடிவை ஏற்காது வாதிடுவோரும் உள்ளனர். துணி மெய்யானதா என்பது பற்றித் திருச்சபை தீர்ப்புக் கூறவில்லை. உருவம் துணியில் எவ்வாறு பதிந்தது என்பதற்கும் அனைவரும் ஏற்கும் விளக்கம் இதுவரை இல்லை.

பியா 1941ஆம் ஆண்டு செப்டம்பரில் காலமானார். அவர் பயன்படுத்திய காமிரா தூரினில் அத்துணிக்கென அமைந்துள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பழைய ஸ்டுடியோவில் நின்ற பெட்டியின் மூத்த உறவு என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.