நிழலை அளக்கட்டும் நம் பிள்ளைகள்

புனித ரமலான் பிறந்துவிட்டால் நம் இல்லங்களின் சுவர்களில் ஒரு நேர அட்டை தொங்கத் தொடங்கிவிடுகிறது. ஸஹர் முடிவு இத்தனை மணி, இஃப்தார் இத்தனை மணி, ஐவேளைத் தொழுகைகளின் நேரம் இன்னின்ன என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். இந்நாளில் அவ்வட்டையும் கைபேசிக்குள் புகுந்துவிட்டது. நேரம் வந்ததும் பாங்கோசை அதிலிருந்தே எழுகின்றது. இவை வசதிகள்தாம், குறை கூறுவதற்கில்லை. ஆயினும், அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று உங்கள் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். "பள்ளிவாசலில் கொடுத்தார்கள்" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும்.

திருமறையோ வேறு விதமாகப் பேசுகின்றது. இறைவன் நிழலை எவ்வாறு நீட்டுகின்றான் என்பதை நீர் பார்க்கவில்லையா என்று அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 45ஆம் வசனம் வினவி, சூரியனை அந்நிழலுக்கு வழிகாட்டியாக்கியிருப்பதைச் சுட்டுகின்றது. ஆண்டுகளின் எண்ணிக்கையையும் கணக்கையும் மனிதர் அறிந்துகொள்ளும் பொருட்டே சந்திரனுக்குப் படித்தரங்கள் அமைக்கப்பட்டன என யூனுஸ் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் உரைக்கின்றது. பெருநாள் விடுமுறையிலும் அதையொட்டி வரும் கோடை விடுமுறையிலும் வீட்டில் ஓடியாடும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த பாடம் ஏது? செலவும் இல்லை. ஒரு குச்சி, ஒரு சுண்ணக்கட்டி, ஓர் எலுமிச்சம்பழம் போதும்.

இத்தகைய அளவுகளை ஓர் ஊரை வைத்தே சொல்ல இயலும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காவேரிப்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். தென்பெண்ணை பாயும் இவ்வூர்ப் பகுதியில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் உருது பேசும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழ்கின்றனர். பிழைப்பும் சம்பந்த உறவும் ஓசூர் சிப்காட்டிலிருந்து பெங்களூர் வரை நீள்கின்றன. நேரத்தைப் பற்றியும் பிறையைப் பற்றியும் பிள்ளைகள் அதிகமாகக் கேள்வி கேட்கும் இடம் இத்தகைய எல்லைப் பகுதியே.

மொட்டைமாடியில் நேரான குச்சி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். களிமண் நிரப்பிய டப்பாவில் ஊன்றினால் அசையாது. குச்சி 100 சென்டிமீட்டராயின் கணக்குப் போடுவது எளிது. செங்குத்தாக நிற்கின்றதா என்பதைக் கொத்தனார் தூக்குக் குண்டு பிடிப்பதுபோல் நூலில் கல்லைக் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். குச்சியின் அடியை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரையுங்கள். முற்பகலில் நிழலின் நுனி சுருங்கி வந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் அது நீண்டு மறுபடியும் வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும். மையத்திலிருந்து அதற்குக் குறுக்கே இழுத்தால் வடக்கு தெற்கு. இம்முறைக்கு அரபு வானியலார் வைத்த பெயர் 'இந்திய வட்டம்' என்பதாகும்! நம் நாட்டில் வழங்கிய முறை அவர்களுடைய நூல்களில் இடம்பெற்று, தொழுகை நேரத்துக்கும் திசைக்கும் பயன்பட்டது. நிழல்களைப் பற்றியே தனி நூல் எழுதிய அல்பீரூனி, 973இல் பிறந்தவர். டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராக இருந்த இப்னுஷ் ஷாதிர், 1371இல் அதன் மினாராவுக்கு நிழற்கடிகாரம் அமைத்தார். நேரம் பார்ப்பதே ஓர் உத்தியோகமாக இருந்த காலம் அது.

வடக்கு தெற்குக் கோட்டின்மீது நிழல் விழும் கணமே உச்சிப்பொழுது. அது கடிகாரத்தின் 12 மணியன்று என்பதைப் பிள்ளைகள் கண்டு வியப்பார்கள். காவேரிப்பட்டினத்தில் நவம்பர்த் தொடக்கத்தில் ஏறக்குறைய 12.01க்கும், பிப்ரவரி நடுவில் 12.31க்கும் சூரியன் உச்சியைக் கடக்கின்றது. அவ்வுச்சி நேரத்தில் தொழுவது தவிர்க்கப்படுகின்றது. சூரியன் சாய்ந்ததும் லுஹர் தொடங்குகின்றது.

உச்சி நிழலின் அளவும் மாறிக்கொண்டேயிருக்கும். டிசம்பர் 22 அளவில் 100 சென்டிமீட்டர்க் குச்சிக்குச் சுமார் 72 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழும். ஏப்ரல் 23 அளவிலும் ஆகஸ்ட் 20 அளவிலும் நிழலே இராது, சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் பள்ளி ஆசிரியர்களும் 'நிழலில்லா நாள்' என்று பிள்ளைகளைத் திரட்டிக் காட்டுவது இதைத்தான். 2023இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 22 சனிக்கிழமை வந்தது. பெருநாள் விருந்தின் மறுநாளே இவ்வூரில் நிழலில்லா நாள்! சந்திர ஆண்டு 354 நாள் கொண்டது. ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால், இத்தகைய பொருத்தம் திரும்பிவர 32, 33 ஆண்டுகள் ஆகும்.

இனி அஸருக்கு வருவோம். நான் சற்று நின்று பேச விரும்புவது இங்கேதான். ஊரில் ஒரு பள்ளிவாசலில் மூன்றரை மணிக்குள் அஸர் பாங்கு கேட்கின்றது. மற்றொன்றில் நாலரை மணிக்கு மேல் கேட்கின்றது. "நன்னா, எது சரி?" என்று பேரன் கேட்டால் பலரும் "நம் பள்ளியில் சொல்வதுதான் சரி" என்று முடித்துவிடுகிறோம். பிள்ளையின் உள்ளத்தில் அது எப்படிப் பதியும்? அடுத்த தெருக்காரர்கள் தவறானவர்கள் என்றல்லவா பதியும்!

அதற்குப் பதிலாக ஏப்ரல் 23ஆம் நாள் குச்சியை நட்டு, நிழல் 100 சென்டிமீட்டரை எட்டும் வேளையைப் பிள்ளை குறிக்கட்டும். மணி 3.20 அளவில் இருக்கும். 200 சென்டிமீட்டரை எட்டும்போது 4.35 அளவில் இருக்கும். ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இரு நாட்கள் தொழுகை நடத்திக் காட்டினார்கள். முதல் நாள் ஒரு பொருளின் நிழல் அதன் அளவானபோது அஸர், மறுநாள் இரு மடங்கானபோது அஸர் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வந்த செய்தி. உச்சி நிழலைக் கழித்து, ஒரு மடங்கில் அஸர் தொடங்குவதாக இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும், இரு மடங்கில் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் கொண்டனர். இமாம் அபூஹனீஃபா அவர்களின் மாணாக்கர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் ஒரு மடங்கு என்றே சொன்னார்கள். ஆசானுக்கும் மாணவர்க்கும் இடையே இருந்த கருத்து வேறுபாடு அவர்களைப் பிரித்துவிடவில்லை. இரண்டு பாங்குகளும் ஒரே குச்சியின் ஒரே நிழலிலிருந்து பிறப்பதைத் தன் கையால் அளந்த பிள்ளைக்கு, அடுத்த பள்ளிவாசலின் பாங்கு அந்நியமாகத் தோன்றாது.

பிறையின் கதையும் இதுவே. மாதம் இவ்வளவு, இவ்வளவு, இவ்வளவு என்று நபிகளார் (ஸல்) பத்து விரல்களையும் மும்முறை விரித்துக் காட்டி, மூன்றாம் முறை கட்டைவிரலை மடக்கிக் கொண்டார்கள், அதாவது 29. பின்னர் மடக்காமல் காட்டினார்கள், அதாவது 30. இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தியைச் சிறு பிள்ளைகள் விரல்களாலேயே கற்றுக்கொள்ளலாம். பிறையிலிருந்து பிறைக்குச் சராசரி 29.53 நாள். ஆதலால் சில மாதம் 29, சில மாதம் 30.

இருட்டறையில் ஒரு பல்பை ஏற்றி, ஈர்க்கில் குத்திய எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை கையில் கொடுத்துத் தன்னைத் தானே சுற்றச் சொல்லுங்கள். பல்பை நோக்கும்போது பழம் இருண்டிருக்கும். சற்றே திரும்பியதும் ஓரத்தில் மெல்லிய கீற்று ஒளிரும். முதுகு காட்டி நின்று பழத்தைத் தலைக்கு மேல் உயர்த்தினால் முழுநிலா. பிறகு ரமலான் இரண்டாம், மூன்றாம் பிறையிலிருந்து, மக்ரிப் வேளையில் சந்திரன் நிற்கும் இடத்தைப் பிள்ளைகள் குறித்துவரட்டும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. சந்திரன் நாளொன்றுக்குச் சூரியனை விட்டு ஏறத்தாழ 12 பாகை கிழக்கே விலகுவதால், தினமும் ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாக நகர்ந்திருக்கும். குன்றுகள் சூழ்ந்த வட்டாரமாதலால் மேல்வானம் திறந்து தெரியும் ஆற்றங்கரையோ உயர்ந்த மாடியோ வேண்டும். சூரியன் முழுதும் மறையுமுன் அதை வெறுங்கண்ணால் நோக்கலாகாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

சந்திரன் சூரியனை விட்டுச் சுமார் 7 பாகையேனும் விலகாதவரை பிறை கண்ணுக்குப் புலப்படாது என்று பிரெஞ்சு வானியலார் டான்ஜோன் 1930களில் கணித்தார். மணிக்கு அரைப் பாகை விலகுகின்ற சந்திரன், நம் சூரியன் மறைந்து மக்காவில் சூரியன் மறைவதற்குள் மேலும் ஒரு பாகைக்கு அதிகமாக விலகிவிடும். இங்கே தெரியாத பிறை அங்கே தெரிவது இதனால்தான். ஷாமில் பிறை கண்டு மதீனா திரும்பிய குறைப் என்பவர், அங்கே ஒரு நாள் முன்னதாகவே பிறை கண்டதைக் கூறியபோது, தாங்கள் கண்டதையே பின்பற்றுவதாக இப்னு அப்பாஸ் (ரலி) விடை பகர்ந்தார்கள்.

ஆனால் பெங்களூருக்கும் காவேரிப்பட்டினத்துக்கும் தீர்க்கரேகையால் வரும் வேற்றுமை இரண்டரை நிமிடமே! தமிழகத்தில் அரசு தலைமை காஜி அறிவிப்பதும், அங்கே பிறைக் கமிட்டியார் அறிவிப்பதும் என்றேனும் மாறுபட்டால், அதற்குக் காரணம் வானமன்று. மேகம், சாட்சியம், எவருடைய அறிவிப்புக்குக் கட்டுப்படுகிறோம் என்பன. அத்தை வீட்டில் இன்று பெருநாள், நம் வீட்டில் நாளை என்னும்போது பிள்ளைக்கு இதை விளக்குவது எளிது, எலுமிச்சம்பழம் சுற்றிய பிள்ளையாயின்.

பெருநாளுக்கு முன் கொடுக்கும் ஃபித்ராவிலும் ஒரு சோதனை உண்டு. நடுத்தர மனிதர் இரு கைகளையும் குவித்து அள்ளுவது ஒரு முத்து, நான்கு முத்து ஒரு ஸாவு. பெரியவர் ஒருவரைக் கொண்டு அரிசி, கோதுமை, உலர்ந்த திராட்சை மூன்றையும் நான்கு நான்கு முறை அள்ளச் செய்து தராசில் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஒன்று, எடை வேறு. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் கிலோக் கணக்கு மாறி மாறி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோடை விடுமுறை முடியுமுன் செய்யத்தக்கது இன்னொன்று. மே 28ஆம் நாள் (லீப் ஆண்டில் 27) நம் கடிகாரப்படி பிற்பகல் 2.48க்குச் சூரியன் கஃபாவின் நேர் மேலே நிற்கின்றது. அக்கணத்தில் குச்சியின் நிழல் எத்திசையில் விழுகின்றதோ, அதற்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. காவேரிப்பட்டினத்தில் நிழல் 77 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். கிப்லா நேர் மேற்கிலிருந்து சுமார் 19 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். நிழலின் மேல் சுண்ணக்கட்டியால் கோடிழுத்து, முன்னர் வரைந்த கிழக்கு மேற்குக் கோட்டோடு ஒப்பிட்டுப் பாகைமானியால் அளக்கலாம். கோடு பள்ளிவாசலின் ஸஃப்பிலிருந்து சிறிது விலகினால் அதைக் கொண்டுபோய் ஜமாஅத்தில் வழக்காட வேண்டாம், தொலைவில் இருப்போர்க்குக் கஃபாவின் திசையை நோக்குவதே போதுமென்று ஃபிக்ஹு அறிஞர் பலர் கூறியுள்ளனர். வானம் மூடியிருந்தால் ஜூலை 16ஆம் நாள் (லீப் ஆண்டில் 15) பிற்பகல் 2.57க்கு மறு வாய்ப்பு உண்டு. அன்று பள்ளி நாளாயின் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கம்பு நட்டால் போதும். அதுவும் தவறினால் அடுத்த மே மாதம்தான்.