பயம் காட்டும் படம்



கொஞ்சம் கண்களை மூடிக்கொள்ளுங்கள். புளிப்பு மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கடிப்பதாக நினைத்துப் பாருங்கள். நாக்கில் எச்சில் ஊறுகிறதா? கையில் மாங்காயே இல்லை! மனம் ஒரு படம் காட்டியது. உடம்பு அதை நிஜம் என்று நம்பிவிட்டது.

பயமும் இப்படித்தான். நாயைக் கண்டு நடுங்கும் ஒரு பிள்ளைக்கு, தெருமுனை வருவதற்கு முன்பே மனத்தில் படம் ஓடத் தொடங்கிவிடும். நாய் பல்லைக் காட்டுகிறது, பாய்கிறது, கடிக்கிறது! உண்மையில் அந்தத் தெருவில் நாயே இருக்காது. ஆனாலும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், கால் திரும்பி ஓடும். ஓடிவிடுவதால், 'ஒன்றும் ஆகவில்லையே' என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே கிடைக்காது. மறுநாள் அந்தப் படம் இன்னும் பெரிதாகும். இப்படி அளவுக்கு மீறி வளர்ந்து, அன்றாட வேலைகளையே தடுக்கும் பயத்திற்கு 'ஃபோபியா' என்று பெயர்.

பயமுறுத்தும் படத்தை வரைவது மனம்தானே? அப்படியானால் அதே மனத்தால் அதை மாற்றி வரையவும் முடியும் அல்லவா? ஆர்னால்ட் லாசரஸ், ஆர்னால்ட் ஆப்ரமோவிட்ஸ் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் இப்படித்தான் யோசித்தார்கள். தங்கள் அனுபவத்தை 1962ஆம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அவர்களிடம் வந்த ஒரு பையனுக்கு வயது 14. அவன் பள்ளிக்கு நேர்வழியில் நடந்தால் வெறும் 300 கஜம்தான். ஆனால் நாய் வந்துவிடுமோ என்று அஞ்சி, இரண்டு பஸ் ஏறிச் சுற்றிச் சுற்றிப் போவானாம்!

அவனுக்கு ஆல்ஃபா ரோமியோ கார் என்றால் உயிர். கண்ணை மூடி, அந்தக் கார் தனக்கே சொந்தம் என்று நினைக்கச் சொன்னார்கள். அவன் மகிழ்ச்சியில் திளைத்திருக்கும்போது, மெல்ல அந்தப் படத்துக்குள் ஒரு நாயை நுழைத்தார்கள். பயம் வந்தால் அவன் விரலைத் தூக்கினால் போதும், படம் நின்றுவிடும். சில சந்திப்புகளிலேயே அவனிடம் நல்ல மாற்றம் தெரிந்தது.

இருட்டுக்குப் பயந்த 10 வயதுப் பையனுக்குக் கை கொடுத்தவர் யார் தெரியுமா? அவனுக்குப் பிடித்த சூப்பர்மேன்! இப்படி 7 முதல் 14 வயது வரையுள்ள 9 பிள்ளைகளுக்கு இந்த முறையைச் செய்து பார்த்ததில், 7 பேரின் பயம் நீங்கியது.

நீங்களும் உங்கள் பயம் காட்டும் படத்தைத் தாளில் வரையுங்கள். பக்கத்திலேயே உங்களுக்குப் பிடித்த வீரரையும் வரையுங்கள். பிறகு அதை அம்மாவிடமோ, அப்பாவிடமோ, ஆசிரியரிடமோ காட்டுங்கள். ஆனால் ஒன்று: துணிச்சலைச் சோதிக்கத் தெரு நாயிடம் போகக் கூடாது. நாய் கடித்தால் உடனே பெரியவர்களிடம் சொல்லி, ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தேவையான எச்சரிக்கை வேறு, வீண் பயம் வேறு.

தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்குப் போக முடியாமல் போனாலோ வெட்கப்படாமல் டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் போவதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

உங்கள் வகுப்பில் கரப்பான்பூச்சியைக் கண்டு அலறும் தோழி இருக்கிறாளா? தயவுசெய்து சிரிக்காதீர்கள். அவள் கண்ணுக்குள் ஓடும் படம் உங்களுக்குத் தெரியாது. அருகில் போய், "நான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அவளுக்கு அந்த நேரத்தில் நீங்கள்தான் சூப்பர்மேன்!