உடும்போடு உடன்பிறந்த ஊர்

காட்டு விலங்கும் விவசாயியும் ஒரே மண்ணில் வாழ முடியாது, ஒருத்தர் வெளியேறித்தான் ஆகணும் என்று இப்போது பரவலாகப் பேசுகிறார்கள். எங்கள் ஊர் மலையடிவாரம். காட்டுப்பன்றி கடலைக்காட்டில் இறங்கினால் ஒரே ராத்திரியில் மூணு மாத உழைப்பு போயிடும். அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. அதனால்தான் உலகின் மிகப்பெரிய உடும்போடு சேர்ந்து வாழும் ஒரு தீவு மக்களைப் பற்றித் தேடிப் படித்தேன். நம்ம சண்டைக்கும் அதில் சேதி இருக்கிறது.

இந்தோனேசியாவில் கொமோடோ என்று ஒரு தீவு. அங்கும், பக்கத்தில் ரிஞ்சா போன்ற சில தீவுகளிலும், புளோரஸ் தீவின் சில பகுதிகளிலும் மட்டும்தான் கொமோடோ உடும்பு இயற்கையாக வாழ்கிறது. நம்ம வரப்பில் ஓடுகிற உடும்புக்கு இது நெருங்கிய சொந்தம். ஆனால் பத்தடி நீளம் வரை வளரும். பெரிய ஆண் 70 கிலோ இருக்கும். மான், காட்டுப்பன்றி, எருமை வரை அடித்துத் தின்னும். கடியில் நஞ்சும் உண்டு. செத்த விலங்கையும் விட்டுவைக்காது.

தீவோ வறண்ட பூமி. புல்வெளிக்கு நடுவே நிற்பது நம்ம பனை. பள்ளமான இடங்களில் புளியமரம். அங்கே ஒரு காட்டுப்பறவை, மண்ணையும் சருகையும் காலால் வாரிக் குவித்து மேடு போட்டு அதற்குள் முட்டையிடும். குவியல் மக்கும்போது வருகிற சூட்டில் குஞ்சு பொரியும். நம்ம மக்குக் குழியில் கையை விட்டால் சுடுமே, அதே சூடுதான். பறவை விட்டுப்போன மேட்டைத் தோண்டி, பெண் உடும்பு இருபது முட்டை அளவுக்கு இடும். பொரிந்து வர எட்டு மாதம் ஆகும். வெளியே வந்த குட்டி நேராக மரத்தில் ஏறிவிடும். கீழே இருந்தால் பெரிய உடும்பே அதைத் தின்றுவிடும்.

இப்படிப்பட்ட விலங்கோடு கொமோடோ ஊரில் சுமார் 2,000 பேர் வாழ்கிறார்கள். அவர்கள் சொல்லும் பழங்கதையில், நாக இளவரசி ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை. ஒன்று மனிதப் பையன். இன்னொன்று ஓரா என்ற பெண் உடும்பு. பையன் வளர்ந்து வேட்டைக்குப் போன இடத்தில் உடும்பை ஈட்டியால் குத்தப் போகிறான். தாய் தோன்றி, "அவள் உன் கூடப்பிறந்தவள்" என்று தடுக்கிறாள். இன்றும் உடும்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் ஓராதான். முன்பு மான் வேட்டைக்குப் போனால் உடும்புக்கு ஒரு பங்கை விட்டுவருவது வழக்கமாக இருந்தது.

சொந்தம் என்று சொன்னதால் அவர்கள் அசட்டையாக இருக்கவில்லை. வீட்டைக் கால்நட்டு உயரத்தில் கட்டினார்கள். பிணத்தைத் தோண்டாதபடி புதைகுழி மேல் கல் அடுக்கினார்கள். அப்படியும் 2007-ல் எட்டு வயதுப் பையன் ஒருவன் உடும்பு கடித்து இறந்துபோனான். அதற்காக ஊரே திரண்டு உடும்புகளைக் கொன்று தீர்த்துவிடவில்லை.

1980-ல் அங்கே தேசியப் பூங்கா வந்தது. 1991-ல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மக்களுக்கு மான் வேட்டை போச்சு, காட்டில் கைவைக்கும் உரிமையும் போச்சு. மீன்பிடிப்புக்கும், சுற்றுலாப் பயணிகளுக்கு மர உடும்பு பொம்மை செதுக்கி விற்பதற்கும் மாறினார்கள். 2019-ல் மாகாண அரசு, தீவை மூடப்போகிறோம், மக்களையும் வேறிடத்துக்கு மாற்றப்போகிறோம் என்றது. மக்கள் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் மூடும் திட்டத்தை மத்திய அரசு கைவிட்டது. உடும்பு பிழைத்திருக்கும் இடத்திலிருந்து, அதைக் கூடப்பிறப்பாகக் கொண்டாடுகிறவர்களையே கிளப்புவது என்ன நியாயம்?

அதுக்காகக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்துப் பாடார் தீவைப் பாருங்கள். அங்கே மானைத் திருட்டு வேட்டையில் அழித்தார்கள். இரை இல்லாமல் உடும்பும் அழிந்தது. 1975-க்குப் பிறகு பல ஆண்டுகள் அது அங்கே கண்ணில் படவில்லை. உடும்பைத் தொடாமலே, அதன் தீனியைப் பறித்தே அதைக் கொன்றுவிடலாம். இப்போது கடல்மட்டமும் வெப்பமும் உயர்வதால், அடுத்த 45 ஆண்டில் அதன் வாழிடத்தில் 30 சதவீதமாவது சுருங்கும் என்று கணக்கிட்டு, 2021-ல் அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தார்கள். ஒரு ஊரைக் காலி செய்வதால் கடல் ஏறுவது நிற்காது.

நமக்கு இதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, காட்டை ஒட்டிய நிலத்தில் எல்லை போடும்போது கிராமசபையில் முதலில் கேளுங்கள் என்று உரக்கச் சொல்லணும். சேதமான பயிருக்கு இழப்பீடு காலத்தில் வரணும் என்பதும் அதோடு சேர்ந்ததுதான். விலங்குக்குப் பங்கு விடச் சொல்கிறவர்கள் அந்தப் பங்கின் சுமையை ஏழை விவசாயி தலையில் மட்டும் கட்டக்கூடாது.

இரண்டு, நம்ம வயல் உடும்பு. அது பூச்சி, வண்டு, நண்டு, நத்தை, எலி எல்லாம் தின்னும். கோழி முட்டையையும் எடுக்கும், பொய் சொல்லவில்லை. அதுக்குக் கோழிக்கூண்டை இறுக்கிக் கட்டுங்கள், உடும்பை அடிக்காதீர்கள். கறிக்கும் எண்ணெய்க்கும் பிடிப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி கடுங்குற்றம். எலிக்கு விஷம் வைத்தால் அந்த எலியைத் தின்னும் உடும்புக்கும் ஆந்தைக்கும் ஆபத்து. வரப்போரக் கரையான் புற்றை இடித்துச் சமப்படுத்தாமல் விடுங்கள். உடும்பு முட்டையிடும் இடம் அது. என் காட்டில் கிணற்றுமேட்டுப் புற்றை அப்படியே விட்டிருக்கிறேன். உங்கள் காட்டில் கடைசியாக எப்போது உடும்பைப் பார்த்தீர்கள், எந்த இடத்தில் என்று இதழுக்கு எழுதுங்கள்.