72-இல் ஒரு பங்கு நூரி: ஒரு பெட்டிக்குள் எத்தனை அறிவியல்!

மாணவர்களே, கடந்த ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் படிவம் 2 மாணவன் ஒருவன் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். உள்ளே ‘சீ கிங்’ ஹெலிகாப்டரின் பிளாஸ்டிக் மாடல் கிட் இருந்தது. பெட்டியின் மேல் பிரிட்டிஷ் மீட்புப் படையின் மஞ்சள் நிற ஹெலிகாப்டர் படம். “சார், இதை நம்ம நூரியா மாத்தணும். தாத்தாவோட எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்கப் போறேன்,” என்றான்.

அவனுடைய தாத்தா கிளந்தானில் குவாலா கிராய் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். 2014 டிசம்பர் பெருவெள்ளத்தில் சாலைகள் எல்லாம் மூழ்கிப்போக, உணவோடு வந்து இறங்கிய நூரியை அவர் இன்னும் மறக்கவில்லை. அந்த ஹெலிகாப்டரைத்தான் பேரன் கையால் செய்து கொடுக்க விரும்பினான்.

நூரி என்பது அமெரிக்காவின் சிகோர்ஸ்கி நிறுவனம் தயாரித்த எஸ்-61ஏ4 வகை ஹெலிகாப்டர். சீ கிங் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாய் மொழியில் ‘நூரி’ ஒரு கிளி வகையின் பெயர். 1968-இல் அரச மலேசிய ஆகாயப் படையில் பணியைத் தொடங்கி, 2020-இல் ஓய்வு பெற்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காட்டுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே பறந்த வண்டி அது.

அவன் கட்டி முடிப்பதற்குள் நாங்கள் இருவரும் கணிதம், வேதியியல், இயற்பியல் மூன்றையும் தொட்டுவிட்டோம். அந்தப் பாடங்களை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அளவு சுருங்கினால் என்ன ஆகும்?

பெட்டியில் 1:72 என்று போட்டிருந்தது. அதாவது, உண்மையான வண்டியின் எந்த நீளத்தையும் 72-ஆல் வகுத்தால் மாடலின் நீளம் கிடைக்கும். ஏன் 72? பழைய பிரிட்டிஷ் அளவுமுறையில் 6 அடி என்பது 72 அங்குலம். ஆகவே 6 அடி உயர மனிதர் இந்த அளவில் சரியாக 1 அங்குலம் இருப்பார்.

நூரியின் முதன்மைச் சுழலியின் விட்டம் 18.9 மீட்டர். 72-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 26 சென்டிமீட்டர். உங்கள் 30 சென்டிமீட்டர் அளவுகோலைவிடக் கொஞ்சம் குறைவு.

இப்போது ஒரு கேள்வி. நீளம் 72 மடங்கு குறைந்தால் எடையும் 72 மடங்குதான் குறையுமா? இல்லை. பரப்பளவு 72 × 72, அதாவது 5,184 மடங்கு குறையும். கனஅளவோ 72 × 72 × 72, அதாவது 373,248 மடங்கு குறையும். முழுச் சுமையோடு பறக்கும் நூரியின் எடையைக் கணக்குக்காக 9 டன் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கனஅளவு விகிதத்தில் சுருக்கினால் வெறும் 24 கிராம்தான் வரும்! பேருந்து அளவு வண்டி, ஒரு சிறிய பிஸ்கட் பொட்டலத்தின் எடைக்கு வந்துவிடுகிறது.

ஒட்டுவதா, கரைப்பதா?

கிட்டின் பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தோடு இணைந்தே வரும். அது பாலிஸ்டைரின். சூடாக்கி உருக்கிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்தி, குளிரவைத்து எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் ஓடிவந்த வாய்க்கால்தான் நீங்கள் காணும் அந்தச் சட்டம்.

அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பொருள் பாகங்களின்மேல் ஒட்டியிருக்கலாம். அதனால் முதல் வேலை, பாத்திரம் கழுவும் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்துவது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாயம் பரவாமல் முத்துமுத்தாகத் திரண்டுவிடும். கெசுவின இலைமேல் நீர் உருள்வதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

பிறகு பாகங்களை நிப்பரால் வெட்டி, மணல்தாளால் தேய்த்து, ஒட்ட வேண்டும். இங்கேதான் வேதியியல் வருகிறது. மாடல் கட்டுவோர் பயன்படுத்தும் பாலிஸ்டைரின் பசை உண்மையில் ஒரு கரைப்பான். இரு விளிம்புகளிலும் அது பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைக்கிறது. பாலிஸ்டைரின் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. கரைந்த நிலையில் ஒரு பாகத்தின் சங்கிலிகள் மற்றதன் சங்கிலிகளோடு பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக் ஆகிவிடுகின்றன. இது ஒட்டுவது அல்ல. ஒரு வகைப் பற்றவைப்பு.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. சாயம் பூசிய விளிம்பில் இந்தப் பசை சரியாகப் பிடிக்காது. அது பிளாஸ்டிக்கைத் தொட வேண்டும். ஆகவே ஒட்டும் இடத்தில் சாயத்தைச் சுரண்டிவிடுங்கள். நீர்போன்ற மெல்லிய பசையாக இருந்தால், இரு பாகங்களையும் முதலில் சேர்த்துப் பிடித்து, இடுக்கின் ஓரத்தில் தூரிகையால் ஒரு சொட்டு தொட்டால் போதும். நுண்புழைத் தன்மையால் பசை தானே இடுக்கு முழுவதும் ஓடிவிடும்.

வாலில் ஒரு தகடு கூடுதல்

உடற்பகுதியை ஒட்டி முடித்த மாணவன் ஒருநாள் நூரியின் படத்தையும் தன் மாடலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். “சார், நூரியோட வால் சுழலியில 5 தகடுதான் இருக்கு. இதுல 6 இருக்கே!”

நல்ல கண்! பிரிட்டனில் கட்டப்பட்ட பிற்கால சீ கிங் வகைகளில் வால் சுழலிக்கு 6 தகடுகள். நூரிக்கு 5. “ஒண்ண வெட்டி எறிஞ்சிடட்டுமா?” என்று கேட்டான். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

6 தகடுகள் என்றால் அடுத்தடுத்த தகடுகளுக்கு இடையே 60 பாகை. 5 தகடுகள் என்றால் 360-ஐ 5-ஆல் வகுத்து 72 பாகை. ஒன்றை மட்டும் வெட்டினால் நான்கு இடைவெளிகள் 60 பாகையாகவும் ஒன்று மட்டும் 120 பாகையாகவும் இருக்கும். பல் விழுந்த சீப்பு மாதிரி. உண்மையான ஹெலிகாப்டரில் அப்படி இருந்தால் சமநிலை குலைந்து சுழலி அதிர்ந்தே உடையும். ஆகவே எல்லாத் தகடுகளையும் வெட்டியெடுத்து, பாகைமானியால் தாளில் 72 பாகைக்கு ஒரு கோடு வரைந்து, அதன்மேல் வைத்து ஐந்தை மட்டும் மீண்டும் ஒட்டினான். ஒரு பிற்பகல் முழுவதும் அதிலேயே போனது.

இந்தச் சிறிய சுழலி எதற்கு? மேலிருந்து பார்த்தால் நூரியின் முதன்மைச் சுழலி இடஞ்சுழியாகச் சுழல்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, ஹெலிகாப்டரின் உடல் எதிர்த்திசையில், வலஞ்சுழியாகத் திரும்ப முயலும். வால் சுழலி பக்கவாட்டில் காற்றைத் தள்ளி அதைத் தடுக்கிறது. இகோர் சிகோர்ஸ்கி 1939-இல் பறக்கவிட்ட விஎஸ்-300 ஹெலிகாப்டரும் மேலே ஒரு சுழலி, வாலில் ஒரு சுழலி என்ற இந்த அமைப்போடுதான் முதலில் தரையை விட்டு எழும்பியது.

பனி மூடிய கண்ணாடி

பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவன் முகம் வாடி வந்தான். விமானியின் அறைக் கண்ணாடியைச் சூப்பர் குளூவால் ஒட்டி, தூசு படாமலிருக்க மாடலைப் பெட்டிக்குள் மூடி வைத்திருக்கிறான். காலையில் திறந்தால் கண்ணாடியின் உட்புறம் வெண்பனி படர்ந்ததுபோல் மங்கிக் கிடந்தது. “எல்லாம் போச்சு சார். தூக்கிப் போட்டுடப் போறேன்.”

நடந்தது என்ன? சூப்பர் குளூவில் இருப்பது சயனோஅக்ரிலேட். அது உலர்ந்து இறுகுவதில்லை. ஈரப்பதத்தோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதன் ஒரு பகுதி ஆவியாகி, பக்கத்தில் உள்ள பரப்பில் படிந்து, அங்கேயுள்ள ஈரத்தால் வெண்ணிறத் துகள்களாக இறுகிவிடுகிறது. நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதத்துக்குப் பஞ்சமில்லை. மூடிய பெட்டியில் ஆவி வெளியேறவும் வழியில்லை. இதே வினையைத்தான் காவல்துறைத் தடயவியலாளர்கள் கண்ணுக்குத் தெரியாத கைரேகைகளை வெளிக்கொணரப் பயன்படுத்துகிறார்கள்!

கண்ணாடி உருகவில்லை, அதன்மேல் நுண்ணிய மேடுபள்ளங்கள்தான் உண்டாகியிருக்கின்றன. ஒளி நேராகச் செல்லாமல் அவற்றில் பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அப்படியானால் மேடுகளைச் சமப்படுத்தினால் போதும். கண்ணாடியைக் கவனமாகப் பெயர்த்தெடுத்து, பஞ்சில் சிறிது பற்பசை தொட்டு மெதுவாகத் தேய்க்கச் சொன்னேன். பற்பசையில் மிக மென்மையான தேய்ப்புத் துகள்கள் உள்ளன. அரை மணி நேரத் தேய்ப்புக்குப் பிறகு நீரில் கழுவி, நிறமற்ற பளபளப்பு அக்ரிலிக் வார்னிஷில் ஒருமுறை முக்கி உலரவைத்தான். மிச்சமிருந்த கீறல்களையும் வார்னிஷ் நிரப்பிவிட்டது. இம்முறை பள்ளியில் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் ஒட்டினான். அதிலிருந்து வெளியேறுவது நீராவி மட்டுமே.

7 மில்லிமீட்டர் சாயமா?

சாயம் பூசுவதில் பலரும் செய்யும் தவறு, ஒரே பூச்சில் முடிக்க நினைப்பது. தடிமனாகப் பூசிய சாயப் படலம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிறியதுதானே என்கிறீர்களா? 72-ஆல் பெருக்குங்கள். உண்மையான வண்டியில் 7.2 மில்லிமீட்டர் தடிமன் பூசியதற்குச் சமம்! கதவின் கோடுகளும் ஆணித் தலைகளும் அதற்குள் புதைந்துபோகும்.

ஆகவே சாயத்தை நீர்த்து, மெல்லிய பூச்சுகளாக இரண்டு மூன்று முறை பூசுங்கள். முதலில் சாம்பல் நிற அடிப்பூச்சு கொடுத்தால் சாயத்துக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும். நீரில் கரையும் அக்ரிலிக் சாயத்தில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் மிதக்கின்றன. நீர் ஆவியாகும்போது அவை நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. மழை நாளில் காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் ஆவியாதல் மெதுவாகும்; ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே கூடுதலாகக் காத்திருங்கள். பாதி உலர்ந்த படலத்தில் மீண்டும் தூரிகை ஓடினால் அது கிழிந்து உரிந்துவிடும்.

எழுத்துகளும் சின்னங்களும் நீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் டிகால்களாகக் கிடைக்கும். சொரசொரப்பான சாயத்தின்மேல் நேரடியாக வைத்தால் அடியில் காற்று சிக்கி, ஓரங்கள் வெள்ளி நிறத்தில் மின்னும். முன்பு கண்ணாடியில் பார்த்த அதே ஒளிச் சிதறல்தான். முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டிகால், கடைசியில் மங்கல் வார்னிஷ் என்ற வரிசையை நினைவில் வையுங்கள்.

தொங்கும் தகடுகள்

கடைசியாக முதன்மைச் சுழலி. கிட்டில் ஐந்து தகடுகளும் குச்சிபோல் நேராக இருந்தன. ஆனால் தரையில் நிற்கும் உண்மையான நூரியைப் பாருங்கள்: தகடுகள் தம் எடையாலேயே நுனியில் தாழ்ந்து தொங்கும். 9 மீட்டருக்கு மேல் நீண்ட மெல்லிய தகடு வேறு எப்படி நிற்கும்?

பறக்கும்போது அது ஏன் தொங்குவதில்லை? ஒரு நூலில் அழிப்பானைக் கட்டிச் சுழற்றுங்கள். தொய்ந்து கிடந்த நூல் விறைப்பாகிவிடும். நூரியின் சுழலி நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 முறை சுழல்கிறது. அப்போது தகட்டின் நுனி மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. அந்த வேகம் தகட்டை இழுத்து விறைப்பாக்குகிறது.

பாலிஸ்டைரின் 100 பாகை செல்சியஸ் அருகில் இளகத் தொடங்கும். நான் வெந்நீரில் ஒவ்வொரு தகட்டையும் இடுக்கியால் பிடித்துச் சில விநாடிகள் முக்கிக் கொடுக்க, அவன் மெதுவாக வளைத்துக் குளிர்ந்த நீரில் வைத்தான். வளைவு நிலைத்துவிட்டது. தகட்டின் தடித்த, உருண்ட விளிம்பு சுழலும் திசையை நோக்கி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டான்.

கவனம், மாணவர்களே!

பாலிஸ்டைரின் பசை, தின்னர் ஆகியவற்றின் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும், தீப்பற்றவும் கூடும். மூடிய, குளிரூட்டிய அறையில் வேலை செய்யாதீர்கள். சன்னலைத் திறந்து, அடுப்பு, கொசுவத்தி இல்லாத இடத்தில் உட்காருங்கள். மணல்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் தூசு பறக்காது. கத்தியை எப்போதும் உடலுக்கு எதிர்ப்புறமாகச் செலுத்துங்கள். வெந்நீர் வேலையைப் பெரியவர் ஒருவர் துணையோடு மட்டுமே செய்யுங்கள்.

பிறந்தநாள் முடிந்த திங்கட்கிழமை அவனிடம், “தாத்தா என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

“ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல சார். அப்புறம் றெக்கையத் தொட்டுப் பார்த்து, ‘ஆமா, எஞ்சின நிறுத்தினதும் இப்படித்தான் கீழ தொங்குச்சு’ன்னு சொன்னார்.”

பெட்டியில் வந்த நேரான தகடுகளை அப்படியே ஒட்டியிருந்தால் அந்தச் சொல் கிடைத்திருக்காது. நீங்களும் ஒரு கிட் வாங்கினால், பசையைத் திறக்கும் முன் உண்மையான வண்டியின் படங்களை வைத்துத் தகடுகளை எண்ணிப் பாருங்கள். உங்கள் அறிவியல் அங்கிருந்தே தொடங்கட்டும்.