ஒரே அளவு, ஒரே நேரம், வேறுவேறு இலை

தேயிலைத் தொடர் – 9

பறித்த கொழுந்து ஆலையில் வாடி, உருண்டு, நிறம் மாறி, காய்ந்து மூட்டையாவது வரை சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அது நம் வீட்டு அடுப்படிக்கும் அலுவலக மேசைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நீலகிரி இலைத் தேயிலை ஒரு பொட்டலம், டார்ஜிலிங் ஒரு பொட்டலம், அஸ்ஸாம் சி.டி.சி. தூள் ஒரு பொட்டலம். மூன்றையும் வாங்கி வைத்தாயிற்று. இதில் எது உசத்தி, எது மட்டம் என்று எப்படிச் சொல்வது?

'எனக்குப் பிடித்ததுதான் நல்ல டீ' என்பது ஒரு பதில். குடிப்பதற்கு அது போதும், மதிப்பெண் போடப் போதாது. ஒரு தேயிலை சரியில்லை என்று நாம் ஒதுக்கும்போது, பல நேரங்களில் குறை இலையில் இருப்பதில்லை. தண்ணீரில் இருக்கும், கரண்டி அளவில் இருக்கும், ஊறிய நேரத்தில் இருக்கும். இலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒன்றுபோல வைத்துக்கொண்டால்தான் இலை பேசுவது காதில் விழும்.

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சரக்கின் மாதிரியையும் தரகு நிறுவனங்களின் சுவைஞர்கள் முன்கூட்டியே சுவைத்து விலை மதிப்பிடுகிறார்கள். நீண்ட மேசையில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் அருகிலும் காய்ந்த தேயிலை கொஞ்சம், ஊறிய இலை கொஞ்சம். சுவைஞர் ஒரு கரண்டி சாயத்தைச் 'சர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார். அந்த உறிஞ்சலில் ஒரு காரணம் இருக்கிறது. காற்றோடு சேர்ந்து உள்ளே போகும் சாயம் சிறு துளிகளாகச் சிதறி, மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. டீயின் சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த மணம்தான். அதனால் வீட்டிலும் கூச்சப்படாமல் சத்தமாகவே உறிஞ்சுங்கள்.

சுவைத்துப் பார்ப்பதற்காகத் தேயிலையை ஊறவைக்கும் முறைக்குச் சர்வதேச விதியே உண்டு. 1980-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103 அது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, அப்போதுதான் கொதித்த நீர், மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் பாத்திரம், 6 நிமிடம். ருசியான டீ போடுவதற்குச் சொன்ன வழி அல்ல இது. ஆறு நிமிடம் ஊறிய சாயம் துவர்ப்பாகத்தான் இருக்கும். இலையின் நிறையும் குறையும் ஒளியாமல் வெளியே வரட்டும் என்பதற்காகவே அவ்வளவு நேரம். குடிப்பதற்கு மூன்று, நான்கு நிமிடம் போதும். சோதிப்பதற்கு ஆறு.

வீட்டில் இதைச் செய்யப் பெரிய செலவில்லை. ஒரே அளவிலான வெள்ளைக் கோப்பைகள், மூடுவதற்குச் சின்னத் தட்டுகள், ஒரு வடிகட்டி, கைப்பேசிக் கடிகாரம். இவற்றோடு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தராசு இல்லாமல் மதிப்பெண்ணே வேண்டாம் என்பேன். ஒரு டீஸ்பூன் டஸ்ட் டீ நெருக்கமாக அடைத்துக்கொள்ளும். அதே ஸ்பூனில் முறுக்கிய இலைத் தேயிலை பாதி எடைகூட நிற்காது. "லீஃப் டீயில் ஸ்ட்ராங்கே இல்லை" என்று நம் வீடுகளில் சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்த ஸ்பூன்தான். எடை போட்டு ஊறவைத்தால் அந்தப் புகார் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரில் டீ போட்டால் மேலே பளபளவென்று ஒரு படலம் மிதக்கும், சாயமும் மங்கிப்போகும். நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தின் வேலை அது. மினரல் அடியோடு நீங்கிய ஆர்.ஓ. நீரிலோ டீ சப்பென்று இருக்கும். எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்களோ அதிலேயே சோதியுங்கள், ஆனால் எல்லாக் கோப்பைக்கும் ஒரே கெண்டியிலிருந்து ஊற்றுங்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே சுவைத்துப் பிடித்துப்போய் வாங்கிவந்த தேயிலை சென்னையில் கொஞ்சம் கூடுதலாகத் துவர்த்தால், கடைக்காரர் மேல் சந்தேகப்பட வேண்டாம். இங்கே நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது.

இனி மதிப்பெண். ஐந்து தலைப்பு, தலைப்புக்கு ஐந்து மதிப்பெண் என்று நோட்டில் கோடு போட்டுக்கொள்ளலாம்.

முதலில் காய்ந்த இலை. ஒரே சீராக இருக்கிறதா, காம்பும் நாரும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பாக நீண்டிருக்கும் காம்புகள், முற்றிய இலையும் சேர்த்துப் பறிக்கப்பட்டதைச் சொல்லும். இரண்டாவது, ஊறிய இலை. சூடாக இருக்கும்போதே மூடியைத் திறந்து மூக்கை அருகில் கொண்டுபோங்கள். ஒரு தேயிலையின் உண்மையான மணம் அந்தச் சில நொடிகளில்தான் முழுதாகக் கிடைக்கும். இலை செம்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் நிறமேறும் கட்டத்தை ஆலையில் சரியாக நிறுத்தியிருக்கிறார்கள். கறுத்து மங்கியிருந்தால் அந்தக் கட்டம் மிஞ்சிப்போயிருக்கலாம். மூன்றாவது, சாயத்தின் நிறமும் தெளிவும். நான்காவது, வாயில் தெரியும் சுவை. ஐந்தாவது, விழுங்கிய பிறகு நாவில் தங்குவது.

சாயத்தின் பளபளப்புக்கும் நாக்கைச் சுண்டும் துடிப்புக்கும் காரணம் தியாஃபிளேவின் என்ற பொருள். நிறத்துக்கும் கனத்துக்கும் தியாரூபிஜின். இலை நசுங்கிக் காற்றுப் படும்போது இரண்டும் உண்டாகின்றன. இவற்றின் சேர்மானம்தான் ஒரு டீயைத் துள்ளலாகவும் இன்னொன்றைக் கனமாகவும் ஆக்குகிறது.

சுவைக்கும் வரிசையும் முக்கியம். மென்மையானது முன்னால், கனமானது பின்னால். ஒவ்வொன்றுக்கும் இடையில் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். ஊறுகாய், வெற்றிலை, புதினாப் பற்பசை எதுவும் சுவைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வாயில் பட்டிருக்கக் கூடாது.

அப்படி வைத்துப் பார்த்தால் டார்ஜிலிங் முதல் பறிப்பு, அதாவது மார்ச், ஏப்ரலில் வருவது, வெளிறிய பொன்னிறத்தில் பச்சை வாசனையோடும் பூ மணத்தோடும் இருக்கும். மே, ஜூனில் வரும் இரண்டாம் பறிப்பில் நிறம் கூடி, மஸ்கட் திராட்சையின் மணம் ஏறும். தத்துப்பூச்சி என்னும் சின்னஞ்சிறு பச்சைப் பூச்சி கொழுந்தின் சாற்றை உறிஞ்ச, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பதும் அந்த மணத்துக்கு ஒரு காரணம். இந்தியாவில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு பெற்ற பொருள் இந்த டார்ஜிலிங் தேயிலைதான். அஸ்ஸாம் வேறு மாதிரி. சமவெளி வெயிலிலும் மழையிலும் வளர்ந்த அகன்ற இலை. சாயம் அடர் சிவப்பு, வறுத்த தானியத்தின் மணம், வாய் நிறையும் கனம்.

நம் நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் குளிர் இறுகி, செடி மெதுவாக வளரும் நாட்களில் பறித்து, ஆர்த்தோடாக்ஸ் முறையில் உருட்டிய தேயிலையைத் தேடிப் பிடித்துச் சுவைத்துப் பாருங்கள். என் நோட்டில் மணத்துக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கியது அதுதான். எலுமிச்சைத் தோலும் பூவும் கலந்த வாசனை, துவர்ப்பு குறைவு, சாயம் ஆரஞ்சுப் பொன்னிறம். இன்னொரு சோதனையும் செய்யலாம். மீதிச் சாயத்தை ஆறவிடுங்கள். நல்ல அஸ்ஸாம் ஆறியதும் பால் கலந்ததுபோலக் கலங்கும். அதில் நிறைந்திருக்கும் காஃபினும் தியாஃபிளேவினும் குளிரில் ஒன்றுசேர்வதால் வருவது அது, கெட்டதன் அடையாளம் அல்ல. நீலகிரி ஆறினாலும் தெளிவாகவே நிற்கும். ஐஸ் டீக்கு அதைத் தேடுவது இதனால்தான்.

அலுவலகத்தில் கதை வேறு. அங்கே அடுப்பு கிடையாது, தண்ணீர் இயந்திரத்தின் சிவப்புக் குழாய்தான். அதில் வருவது சூடான நீர், கொதிக்கும் நீர் அல்ல. அதில் அஸ்ஸாமையும் நீலகிரியையும் ஊறவைத்தால் பாதிச் சாயம்தான் இறங்கும். ஆனால் அதே நீரைக் கொஞ்சம் ஆறவிட்டால் பச்சைத் தேயிலைக்கு மிகப் பொருத்தம். எழுபது, எண்பது டிகிரியில் இரண்டு நிமிடம் ஊறினால் கசப்பில்லாமல் இனிப்பாக இறங்கும். கொதிநீரை ஊற்றிக் கசந்துபோன கிரீன் டீயைக் குடித்துவிட்டு வெறுத்தவர்கள் இப்படி ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டும். காகிதக் கோப்பை மட்டும் வேண்டாம். அதன் உள்பூச்சின் வாசனை எல்லா டீயையும் ஒன்றாக்கிவிடும். சொந்தப் பீங்கான் கோப்பை ஒன்று மேசையில் இருக்கட்டும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு மாலை மின்கெண்டி கொண்டுபோய், கோப்பைகளுக்கு அடியில் எண் ஒட்டி, எது எந்தத் தேயிலை என்று சொல்லாமல் எல்லோருக்கும் கொடுத்தேன். பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடித்தபோது நீலகிரிக்குத்தான் அதிகக் கை தூக்கினார்கள். அஸ்ஸாம் சி.டி.சி. கடைசிக்குப் போனது. பிறகு அதே தேயிலைகளைக் காய்ச்சிய பால் சேர்த்துக் கொடுத்தேன். வரிசை தலைகீழாகியது. கணக்குப் பிரிவு அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "தம்பி, இதுதாங்க டீ. முன்னாடி குடுத்தது வாசனைத் தண்ணி" என்றார். அவர் கையில் இருந்தது கடைசி இடம் பிடித்த அதே அஸ்ஸாம்.

அவர் சொன்னது சரி. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும். மென்மையான டார்ஜிலிங்கில் பால் விட்டால் பால்தான் மிஞ்சும். சி.டி.சி.யோ பாலைத் தாங்கி நிற்கவே பிறந்தது. நசுக்கி, கிழித்து, சுருட்டும் அந்த இயந்திரம் 1930களில் அஸ்ஸாமில் உருவானது. குறைந்த தூளில், குறைந்த நேரத்தில், நிறைய சாயம் இறங்கும். நம் டீக்கடை பாய்லர் முழுக்க அதன் தயவில் ஓடுகிறது. ஆகவே டீக்கடையின் சி.டி.சி. டஸ்ட் டீயை மட்டம் என்று சொல்வது தவறு. அதற்குத் தனி மதிப்பெண் பட்டியல் வேண்டும், பால் சேர்த்துப் போட்ட பட்டியல். பாலில்லாத பட்டியலையும் அதையும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். ஓ.பி., பி.ஓ.பி., டஸ்ட் என்பவை பெரும்பாலும் சல்லடையில் பிரித்த துகளின் அளவைச் சொல்பவை, சுவையை அல்ல. அருமையான பி.ஓ.பி. உண்டு, உயிரில்லாத ஓ.பி.யும் உண்டு. அதைவிட உங்களுக்கு உதவுவது மூன்று விவரங்கள்: எந்தத் தோட்டம் அல்லது ஆலை, எந்த மாதம் பறித்தது, எந்த மாதம் பொட்டலம் கட்டியது. இலங்கையின் ஊவா தேயிலை ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில்தான் புதினா போன்ற குளிர்ந்த மணத்தைத் தரும். மற்ற மாதத்தில் வாங்கிவிட்டு அந்த மணத்தைத் தேடினால் கிடைக்காது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தால் கை மெதுவாகத்தான் போகும். கூடையும் மெதுவாகத்தான் நிறையும். நீலகிரியில் சிறு விவசாயிகள் கொடுக்கும் பச்சைக் கொழுந்துக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலை, ஏலத்தில் தூள் போகும் விலையை வைத்தே கணக்கிடப்படுகிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் தமிழக அரசின் டேன்டீ தோட்டங்களில் கொழுந்து பறித்து வாழ்ந்ததும் அந்தச் சந்தையை நம்பித்தான். நல்ல இலைக்கும் மட்டமான இலைக்கும் வித்தியாசம் தெரியாத ஊரில் நல்ல இலை பறிப்பவருக்குக் கூலி உயராது. வித்தியாசம் தெரிந்து, அதற்காகப் பத்து ரூபாய் கூடக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் பெருகினால்தான் மலையில் கவனமாகப் பறிப்பதற்கு அர்த்தம் இருக்கும்.

எனவே என் வேண்டுகோள் இது. அடுத்த முறை அரைக் கிலோவாக வாங்காமல், ஐம்பது ஐம்பது கிராமாக மூன்று ஊர்த் தேயிலை வாங்குங்கள். பெருங்காயம், மசாலா டப்பாக்களிலிருந்து தள்ளி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தேயிலை பக்கத்து வாசனையை உடனே இழுத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எடை போட்டு, ஆறு நிமிடம் ஊறவைத்து, வீட்டில் எல்லோரையும் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பிறகு கடைக்காரரிடம் போய், "இது எந்தத் தோட்டம், எந்த மாசம் பறிச்சது?" என்று கேளுங்கள். அவரிடம் பதில் இல்லாவிட்டாலும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்காக அவர் விசாரித்து வைப்பார்.

(தொடரும்)